கூட்டம் முடியும்வரை ஓடக்கூடாது

என் வீட்டுக்காரர் தினகரனுக்குக் குரல் கேட்கும். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. எங்கள் ஊசிமேட்டுக்குப்பத்தில் பால்வாடிக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பாலத்தைத் தாண்டிப் பழவேற்காடு மார்க்கெட்டுக்கு நான் மீன் கொண்டுபோனால், "நீ அந்தக் கொரல் கேக்குற ஆளோட சம்சாரம்தான?" என்று பேரம் பேசுவதற்கு முன்னாடியே விசாரிக்கிறார்கள். ஆமாம் என்பேன். மறைத்து வைக்கிற மாதிரியா நடந்தது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு, பந்தலில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து தெருவோடு ஓடினார். "தண்ணி வருது, ஓடுங்க, தண்ணி வருது" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தரும் ஓடவில்லை. கூழைக் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே போனில் படம் எடுத்தவர்களும் உண்டு. கடைசியில் நாலு பேர் அவரைப் பிடித்து, வலைக்கயிற்றால் விளக்குக் கம்பத்தில் கட்டி, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் வருகிறது என்று பயந்தவர் தலையில் தண்ணீர் ஊற்றுவதுதான் எங்கள் ஊர் வைத்தியம்.

சுனாமி வந்தபோது அவருக்குப் பத்து வயசு. அவருடைய நைனா அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். பின்னால் ஊர் முழுக்கக் கத்திக்கொண்டே வந்ததாம். அந்தச் சத்தம்தான் இப்போதும் கேட்கிறது என்பார். ஒருத்தர் குரல் இல்லை. ஆணும் பெண்ணுமாக ஒரு கும்பலே காதுக்குப் பின்னால் நின்று, தண்ணி வருது ஓடு என்று கத்துமாம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எப்போதாவது வந்தது. அவருடைய நைனா காலமான பிறகு தினமும் வர ஆரம்பித்தது.

கட்டிப் போட்டதோடு ஊர் விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஏரியில் இறால் பிடிக்கிற முறைப் பட்டியலிலிருந்து அவர் பேரை எடுத்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏரியில் இறால் விழுகிற இடங்களுக்கு எங்கள் பக்கம் பாடு என்று பெயர். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் யாருக்கு எந்த முறை என்று வருஷத்துக்கு ஒரு தடவை கங்கையம்மன் கோயில் கொட்டகையில் சீட்டு எடுப்பார்கள். ஒரு மண்குடத்துக்குள் எண் எழுதிய சீட்டுகள் கிடக்கும். பேரைக் கூப்பிட்டதும் போய்க் கையை விட வேண்டும். எடுத்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சீட்டு குடத்துக்குள் திரும்பப் போகாது, ஏனென்றால் அது அம்மன் கொடுத்தது. ஒரு வருஷம் ராஜேந்திரன், இவருடைய சித்தப்பா மகன், கடைசி முறையை எடுத்துவிட்டுக் கை தவறிவிட்டது என்று அழாத குறையாகக் கெஞ்சினார். "வந்தது வந்ததுதான். அம்மன் குடுத்தத திருப்பி வெக்கிறதுக்கு நான் யார்ரா?" என்று தலைவர் துளசிங்கம் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

சீட்டு எடுக்கிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ஊர் வரி கட்டியிருக்க வேண்டும், புத்தி சரியாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது விதி என் வீட்டுக்காரர் விஷயத்துக்கு முன்னால் யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை. அதை ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஏரியில் பாதி வலை குறைந்திருக்கும். சரி, போகட்டும். பேரை எடுத்த பிறகு அவருடைய முறையை ராஜேந்திரன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். அதில் விழுகிற இறாலையும் அவரே பார்த்துக்கொள்கிறார். என் வீட்டுக்காரர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார், அதுவும் வேறு ஆள் கிடைக்காத நாளில் மட்டும்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனது நான்தான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு அங்கேயே மனசுக்கு ஆலோசனை சொல்கிற ஜாக்குலின் மேடத்திடம் அனுப்பினார்கள். மேடம் என்றால் என்னைவிட இளையவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், பேச்சுக்குப் பேச்சு சிரிப்பவர். குரலை நிறுத்திவிடுவார் என்று நினைத்துப் போனேன். "கொரல் உடனே போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அது வர்றப்ப நீங்க எங்க நிக்கிறீங்கங்கிறதுதான் விஷயம்" என்றார். பஸ் செலவு வீண் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மேடம் சொல்லிக் கொடுத்தது இதுதான். குரல் வந்தால் ஓடக்கூடாது. பாதத்தைத் தரையில் அழுத்தி உட்கார வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளைச் சொல்ல வேண்டும். தொட்டுப் பார்க்க நாலு. வெளியே கேட்கிற சத்தம் மூன்று. வாசனை இரண்டு. கடைசியில் நாக்குக்கு ஒரு ருசி. அதற்குள் மனசு இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுமாம். ருசிக்காக அவர் சட்டைப் பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருக்க ஆரம்பித்தார். வாசனைதான் எங்கள் ஊரில் தகராறு. "ஒண்ணு கருவாடு" என்பார். இரண்டாவதுக்கு மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "அதுவும் கருவாடுதான், ஆனா வேற வூட்டுது" என்பார். மேடத்திடம் கேட்டோம். அதுவும் கணக்கில் சேரும் என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு வேலை எனக்கு. கேட்கிற சத்தம் உள்ளேயா வெளியேயா என்று அவருக்குச் சந்தேகம் வந்தால், நம்பிக்கையான ஒருத்தரிடம் கேட்க வேண்டும். அந்த ஒருத்தர் நான். "வைஷ்ணவி, கேக்குதா?" என்பார். கேட்டால் கேக்குது, இல்லாவிட்டால் கேக்கல. "ஒரே ஒரு தடவகூட பொய் சொல்லிடாதீங்க, விளையாட்டுக்குக்கூட. அவர் புடிச்சிருக்கிற கயிறு அதுதான்" என்று மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் சொன்னதில்லை. ஒருநாள் அடுப்படியில் என் மாமியார் கோவிந்தம்மா என்னையும், என் அம்மா வீட்டையும், நாலு வருஷமாகப் பிள்ளை பெறாத என் வயிற்றையும் சேர்த்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். இவர் வாசலிலிருந்து, "வைஷ்ணவி, கேக்குதா?" என்றார். அன்றைக்குக் கேட்கவில்லை என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? "நல்லாவே கேக்குது மாமா, உங்கம்மாதான்" என்றேன். உண்மை பேசுவது சில நேரம் வயிற்றெரிச்சல்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக இப்படியே ஓடியது. குரல் நிற்கவில்லை. ஆனால் இவர் ஓடுவது நின்றது. வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறும். கை நிற்கும். மெதுவாக, "படகு, தக்கை, காக்கா, உன் மூக்குத்தி, அம்மா" என்று எண்ணுவார். மிட்டாய் ஒன்று வாய்க்குள் போகும். மறுபடி வலை பிரிப்பார். எனக்கு அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கும். மாமியார் பக்கத்தில் இருப்பதால் கொட்டாவி விடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த வருஷம் சீட்டு எடுக்கும் நாள் நெருங்கியபோது ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு துளசிங்கம் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடி போடாமலே அதைப் படித்தார்.

"பேப்பர்ல எழுதிட்டா ஆச்சா? அந்த டாக்டரா வந்து ஏரியில எறங்கப் போறாரு?"

"அப்ப இன்னாதான் பண்ணணும் தலைவரே? நீங்களே சொல்லுங்க."

"ஊரு கண்ணால பாக்கணும்மா. சீட்டு எடுக்கிற அன்னிக்கு வந்து கூட்டத்துல உக்காரட்டும். கூட்டம் முடியிற வரைக்கும் கத்தக்கூடாது, எழுந்து ஓடக்கூடாது. ஒழுங்கா உக்காந்துட்டான்னா கடைசியா அவன் பேரையும் கூப்புடுறோம்."

"இத்த எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?"

"எனக்கின்னா பயம்?" என்றார். அன்று சாயங்காலமே கோயில் மைக்கில் சொன்னார். கத்தக்கூடாது, ஓடக்கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார். ஊரே கேட்டது. இவர்கூட, "வைஷ்ணவி, கேக்குதா?" என்றார். கேக்குது என்றேன்.

அந்த நாள் வந்தது. எங்கள் ஊர் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டு. கோயில் கொட்டகை மேட்டின்மேல் இருக்கிறது. அங்கே நின்றால் கிழக்கே கடல், மேற்கே ஏரி, ஏரிக்குக் குறுக்கே பழவேற்காட்டுக்குப் போகிற பாலம், எல்லாம் தெரியும். ஆண்கள் கொட்டகைக்குள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் வெளியே பூவரச மரத்தடியில் நின்றோம். என் வீட்டுக்காரரை முதல் வரிசையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, பையில் மிட்டாய். சம்மணம் போடாமல், பாதம் இரண்டையும் தரையில் ஊன்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிப் பேர் குடத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது எழுந்து ஓடுவார் என்ற ஆவல். பின்வரிசையில் ஒருத்தன் போனைத் தயாராகக் கையில் பிடித்திருந்தான்.

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். கணக்குப்பிள்ளை நீலமேகம் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பாதிப் பேர் எடுத்து முடித்திருப்பார்கள். ராஜேந்திரனின் போனில் ஏதோ வந்தது.

ராஜேந்திரன்தான் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின். தலைவர் பதவிக்கு அடுத்த பதவி அது. போனைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் வெளுத்தது. எழுந்தார். நேராகப் போய்ப் போனை மைக்குக்கு முன்னால் வைத்தார்.

ஒரு பொம்பளையின் அழுகுரல் கொட்டகை ஸ்பீக்கரிலும், தெருமுனை ஸ்பீக்கரிலும், கடற்கரை ஸ்பீக்கரிலும் அலறியது. ஐயோ, கடல் உள்ள வாங்கிட்டு, அலை வருது, எல்லாரும் ஓடுங்க, புள்ளைங்கள தூக்கிட்டு ஓடுங்க. யார் அவள், எங்கேயிருந்து பேசுகிறாள், எந்தக் கடல், ஒரு கேள்வியும் இல்லை. என் வீட்டுக்காரர் வாயால் சொன்னபோது அது பைத்தியம். போன் சொன்னபோது செய்தி.

"தண்ணி வருது! ஓடுங்க!" என்று முதலில் கத்தியது துளசிங்கம்.

அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். ஆணும் பெண்ணுமாக ஒரே சத்தம், தண்ணி வருது, ஓடு, ஓடு. கொட்டகைத் தூணில் மோதிக்கொண்டு ஓடினார்கள். நீலமேகம் பேனாவைக் காதில் செருகியபடியே ஓடினார். வேலி முள்ளில் மாட்டிய வேட்டியை அப்படியே விட்டுவிட்டு டிராயரோடு ஓடினார் ராஜேந்திரன். என் மாமியார் வீட்டுக்குள் பாய்ந்து மிக்சியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். பெற்ற பிள்ளை கொட்டகையில் இருக்கிறான் என்பது மிக்சிக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "டேய் தினகரா, வாடா!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அவரும் கூட்டத்தோடு போய்விட்டார்.

நானும் ஓடினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சரிவில் இறங்கிப் பாதித் தெரு போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் வரவில்லை.

மேலே ஏறி வந்தபோது கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார். அவரும், குடமும், மைக்குக்கு முன்னால் ராஜேந்திரனின் போனும். அதே ஆடியோவை அதே குரூப்பில் பலபேர் மாற்றி மாற்றி அனுப்பியிருந்ததால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் முட்டிகளை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு அசைந்தது. "தூணு, குடம், மைக்கு, ஒத்தச் செருப்பு..."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பத்து வயதிலிருந்து தலைக்குள் கத்துகிற அதே கும்பல், அதே வார்த்தை, அதே ஓட்டம். இவர் இதையெல்லாம் நோய் என்று நினைத்துக்கொண்டு, மேடம் சொன்னபடி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! எழுந்து ஓடினால் பாடு போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரிக் கேட்டார். "வைஷ்ணவி, கேக்குதா?"

"கேக்குது மாமா! நெசமாவே கேக்குது! ஊரே ஓடிப்போச்சு, எழுந்து வா!"

"நெசமாவா?"

"எம்மேல சத்தியமா கேக்குது!"

அவர் மூச்சை விட்டார். நான் பார்த்திராத ஒரு நிம்மதி அந்த முகத்தில் வந்தது. "அப்ப என்னுது இல்ல" என்றார். "நான் மறுபடியும் மோசமாயிட்டேன்னு பயந்துட்டேன்."

"ஐயோ, தண்ணி வருதுன்றேன்!"

"கொரல் நெசம்தான். அது சொல்றது நெசமான்னு பாக்கணும் இல்ல? மேடம் இன்னா சொன்னாங்க? உக்காரு. அஞ்சு சொல்லு."

"சாவுற நேரத்துல இன்னாய்யா அஞ்சு!"

"கடலப் பாத்து சொல்லு. அது ஒரு அடி உள்ள போனாலும் உன்னத் தூக்கினு நானே ஓடுறேன்."

என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் கண்ணே தெரியவில்லை. "மெதுவா" என்றார். "ஒண்ணு?"

பார்த்தேன். "அலை. எப்பவும் ஒடையிற எடத்துலதான் ஒடையிது."

"ரெண்டு."

"தொலவுல ரெண்டு பைபர் படகு. நம்ம ஆளுங்க வலை இழுக்குறாங்க. சாவகாசமா இழுக்குறாங்க."

"மூணு?"

"கரையில நாய் தூங்குது." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நாலு, ஏரியில நாரைங்க நிக்குதுங்க. அஞ்சு, உன் தம்பியோட வேட்டி."

தொடுவதற்கு அவர் கை, என் தாலி, சுடுகிற சிமெண்டுத் தரை, குடத்தின் வயிறு. கேட்பதற்கு அலைச் சத்தம், பாலத்துப் பக்கமிருந்து ஆட்டோக்களின் ஹாரன், மூன்றாவதாக அந்தப் பொம்பளை. இப்போதுதான் அவள் பேசுவதை முழுசாகக் கேட்டேன். அழுகைக்கு நடுவில், எல்லாரும் மலை மேல ஏறிக்கோங்க என்கிறாள். பழவேற்காட்டைச் சுற்றி எங்கே இருக்கிறது மலை? பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை, தெற்கே எங்கேயோ, எந்த வருஷத்திலோ யாரோ பாவம் பயந்து அழுதது. ஊர் மொத்தமும் ஓடு என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது.

"உனக்குப் பயமா இல்லையா மாமா?"

"பயமில்லாம? எனக்குப் பயந்து பயந்து பழக்கம். நீங்கல்லாம் புதுசு" என்று சொல்லிப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாயை எடுத்தார். ஒன்றுதான் இருந்தது. கடித்துப் பாதியைக் கொடுத்தார்.

மேட்டிலிருந்து பாலம் நன்றாகத் தெரிந்தது. தண்ணீருக்குப் பயந்து ஓடிய ஊர், தண்ணீருக்கு மேலே பாலத்தின் நட்டநடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோக்கள் வந்து அடைத்துக்கொண்டதால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து, ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று விரட்டியது.

ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். ஓடிப்போனவன் ஒருத்தன்கூட அதில் இல்லை. ஒருத்தர் அம்மாவைக் கொண்டுபோய் விடப் போனாராம். ஒருத்தர் மற்றவர்களை நிறுத்தப் போனாராம். துளசிங்கம், பாலத்தில் கூட்ட நெரிசலை ஒழுங்குபடுத்தப் போயிருந்தாராம். என் மாமியார் மிக்சியை இடுப்பில் வைத்தபடியே வந்து, மகன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன்டா வரல?" என்று அழுதார். ராஜேந்திரன் யாரும் பார்க்காத மாதிரி வேட்டியை முள்ளிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார். எல்லோரும் பார்த்தோம்.

விட்ட இடத்திலிருந்து சீட்டு எடுத்தார்கள். கடைசிப் பேரும் முடிந்தது. துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, கூட்டம் முடிஞ்சுது" என்றார்.

நான் பூவரச மரத்தடியிலிருந்து கொட்டகைக்குள் வந்துவிட்டேன். "தலைவரே, அவரு பேரு?"

"எவுரு பேரு?"

"கூட்டம் முடியிற வரைக்கும் கத்தாம, ஓடாம உக்காந்திருந்தா பேரக் கூப்புடுறேன்னு மைக்குல சொன்னீங்களே. இந்த ஊர்ல அப்படி உக்காந்திருந்தது அவரு ஒருத்தர்தான்."

கொட்டகையில் யாரோ இருமினார்கள். துளசிங்கத்துக்கு முகம் சிவந்தது. "அதுதாம்மா சந்தேகமே" என்றார். "ஊரே உசிருக்குப் பயந்து ஓடுது. ஒருத்தன் கல்லு மாதிரி உக்காந்துகினு கீறான். புத்தி உள்ளவன் செய்யிற காரியமா அது? நாங்க ஓடக்கூடாதுன்னு சொன்னது பைத்தியக்கார ஓட்டத்த. இது புத்தி உள்ள ஓட்டம்."

"தண்ணியே வரலியே!"

"வந்திருந்தா?"

ராஜேந்திரனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அது மட்டும் இல்ல அண்ணி. குடத்தோட தனியா இருந்திருக்காரு. உள்ள கை வெச்சு இன்னா பண்ணாரோ, யாருக்குத் தெரியும்?"

"கொழுந்தனாரே, ஒண்ணு சொல்லுங்க. சீட்டத் திருடுற அளவுக்குக் கெட்டிக்காரர்னா அவருக்குப் புத்தி நல்லா இருக்கு, பேரக் கூப்புடுங்க. புத்தி இல்லன்னா குடத்துல கை வெக்கத் தெரிஞ்சிருக்காது. எது?"

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் குடத்தைப் பார்த்தார். எப்போதும் நாலு சீட்டு கூடுதலாகவே எழுதிப் போடுவார்கள், அந்த நாலும் குடத்துக்குள் அப்படியே இருக்கிறது என்று நீலமேகம் எட்டிப் பார்த்துச் சொன்னார். குறையாமல் இருப்பதும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்றார் ராஜேந்திரன்.

அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஒருவர். பயமே இல்லாதவன் ஏரியில் இறங்கினால் ஆபத்து என்றார் இன்னொருவர். மந்திரிக்க வேண்டும் என்றார்கள். முன்பு ஓடினான், அதனால் பைத்தியம். இப்போது ஓடவில்லை, அதனால் முற்றிவிட்டது. ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தியதில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. பாலத்தில் நின்று நடுங்கிய வாய்கள்தான் அத்தனையும். எனக்கு ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷம் பஸ் ஏறி, மாத்திரை விழுங்கி, கருவாட்டையும் காக்காயையும் எண்ணி எண்ணி இந்த மனுஷன் தன்னை ஒரு இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். அதற்கு இவர்கள் தருகிற மார்க் இது.

இவர் மெதுவாக எழுந்தார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. பின்வரிசைக்காரன் போனைத் தூக்கினான். ஓடப்போகிறார் என்று நினைத்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். அந்தக் கூட்டத்தை ஒருமுறை கையால் சுட்டிக் காட்டினார். உதட்டோரத்தில், கல்யாணமான புதிதில் பார்த்த பழைய குறும்பு.

"வைஷ்ணவி, கேக்குதா?"

விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதே என்று மேடம் சொல்லியிருக்கிறார். நான் துளசிங்கத்தைப் பார்த்தேன். ராஜேந்திரனைப் பார்த்தேன். மிக்சியைக் கட்டிக்கொண்டு நின்ற என் மாமியாரைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணியும் கேக்கல மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு எட்டில் குடத்தருகே போய்க் கையை உள்ளே விட்டார். "டேய், டேய், எவன்டா உன்னக் கூப்பிட்டது?" என்று துளசிங்கம் கத்தினார். இவர் சீட்டைப் பிரித்து, கோயிலுக்குள் அம்மனைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்.

"ஏழு."

நீலமேகம் பழக்கதோஷத்தில் காதிலிருந்து பேனாவை எடுத்து, ஏழு, தினகரன் என்று எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் தலையைத் தூக்கித் தலைவரைப் பார்த்தார். தலைவர் ராஜேந்திரனைப் பார்த்தார். வெளியே வந்த சீட்டு திரும்ப உள்ளே போகாது என்பது ராஜேந்திரனைவிட நன்றாக அந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?

மறுவாரம் பொன்னேரிக்குப் போனபோது மேடத்திடம் நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதெல்லாம் பொய்யில்லை, எனக்கும் கேட்கவில்லை என்றார்.